அந்தோனியாருக்கு விட்ட மீன்

எங்கள் ஊர்ச் சனத்துக்குச் சல்மன் என்றால் தகரப் பேணிக்குள் வருகிற மீன். பேணியை வெட்டித் திறந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டிப் பாணோடு தின்னலாம். அந்த மீன் ஆற்றில் உயிரோடு நீந்தும் என்பதும், கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி வரும் என்பதும், அப்படி ஏறி வருகிறதை எண்ணுவதற்கென்று ஜெர்மனியில் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள் என்பதும் அம்மாவால் வெகுகாலம் நம்ப முடியாத சங்கதிகள். அந்த ஆள் என்னுடைய அப்பாவாக இருந்தபடியால் வேறு வழியில்லாமல் நம்பினார்.

அப்பா மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி. நான் பிறப்பதற்கு முன்பே இங்கே வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கிட்டங்கியில் பெட்டி அடுக்கி, கடலைக் கண்ணால் காணாமலே பத்துப் பன்னிரண்டு வருடங்களை ஓட்டியவர். நாங்கள் இருந்தது கொலோனிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளி, ரைன் நதியில் போய் விழுகிற ஒரு சிற்றாற்றின் கரையில். அந்த ஆற்றில் ஒரு காலத்தில் சல்மன் நிறைய இருந்து, பிறகு அடியோடு அழிந்துபோயிருந்தது. வேறு நாடுகளிலிருந்து முட்டை கொண்டுவந்து, குஞ்சு பொரிக்க வைத்து, ஆற்றில் விட்டார்கள். குஞ்சுகள் கடலுக்குப் போய் வளர்ந்து இதே ஆற்றுக்குத் திரும்பி வந்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம். வெளிநாட்டு முட்டைக்கு ஒருவரும் விசா கேட்கவில்லையே என்று அம்மா சொல்வார்.

விசாதான் அப்போது எங்கள் வீட்டின் ஒரே கவலை. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. அதுவரை எங்களிடம் இருந்தது டுல்டுங் என்கிற கடதாசி. உங்களை அனுப்பத்தான் வேண்டும், ஆனால் இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தங்கள் பொறுமையைப் புதுப்பித்து முத்திரை குத்தித் தருவார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புதுச் சட்டம் வந்தது. நெடுங்காலம் இங்கே இருக்கிற குடும்பங்களில் உழைக்கிறவருக்கு ஒழுங்கான வேலை இருந்தால் உண்மையான விசா கொடுக்கலாம் என்றார்கள். வருட முடிவுக்குள் வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கோயில் பாதர் யாரிடமோ சொல்லி, அவர் யாரிடமோ சொல்லி, அப்பாவுக்கு அந்த மீன் எண்ணுகிற வேலை கிடைத்தது. மார்கழி வரை தற்காலிகம். நன்றாகச் செய்தால் ஒப்பந்தம் தருவதாகப் பேச்சு.

வேலை இதுதான். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பழைய அணை. அதன் ஓரத்தில் மீன்கள் ஏறுவதற்குத் தொட்டி தொட்டியாகப் படி கட்டியிருந்தார்கள். கடைசிப் படியில் ஓர் இரும்புக் கூடு. ஏறி வருகிற மீன் அதற்குள் வந்து மாட்டிக்கொள்ளும். தினமும் காலையில் கூட்டை மோட்டாரால் தூக்கி, உள்ளே நிற்கிற சல்மனை அத்தாங்கு வலையால் அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் விட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக ஈரப் பலகையில் கிடத்தி நீளம் அளந்து, இரண்டு செதில் சுரண்டி உறையில் போட்டு, செட்டையில் அடையாளத்துக்குச் சின்னத் துளை ஒன்று போட்டு, அணைக்கு மேலே ஆற்றில் விட வேண்டும். எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். அப்பாவின் கைக்குள் மீன் துள்ளாது. மற்றவர்கள் நனைந்து தொப்பலாகிற வேலையை அவர் சட்டைக் கை நனையாமல் செய்து முடிப்பார்.

அவருக்கு மேலே ஒரு பெண் அதிகாரி. உயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு மீன் டொக்டர் என்று பெயர். அவர் கெட்டவர் அல்ல. கணக்கில் மட்டும் கறார். அந்தக் கணக்கை வைத்துத்தான் அடுத்த வருடம் எத்தனை குஞ்சு விடுவது, யார் எங்கே தூண்டில் போடலாம் என்று முடிவு செய்வார்கள். அணைக்குக் கீழே மீன்பிடிக்கத் தடை இருந்தது. ஏறி வருகிற சல்மன் குறிப்பிட்ட ஓர் எண்ணைத் தாண்டினால் தடையைத் தளர்த்துவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஊர்த் தூண்டில் சங்கத்தின் தலைவர், கீழ்நோக்கி வளைந்த மீசை வைத்த ஒரு பெரியவர், வாரம் தவறாமல் வந்து படிவங்களைப் பார்ப்பார். எண் ஏறுகிற வேகம் அவருக்குப் போதவில்லை. எண்ணுகிறவர் கறுப்பு நிறமாகவும் மீன் தின்னிகளின் நாட்டிலிருந்து வந்தவராகவும் இருந்தது அவருடைய யோசனைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் வார்த்திருக்கும்.

படிவம் எழுதுவதற்கு அப்பாவுக்குத் துணையாக ஒரு பல்கலைக்கழக மாணவன் இருந்தான். ஐப்பசியில் வகுப்பு தொடங்கியதும் அவன் போய்விட்டான். அப்பாவுக்கு ஜெர்மன் ஓரளவு பேச வரும், எழுத வராது. இதை மீன் டொக்டரிடம் சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தார். எனக்கு இலையுதிர்கால விடுமுறை. அம்மா விடிவதற்கு முன்பே முதியோர் இல்லத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வேலிக்கு உள்ளே சிறுவர்கள் வரக்கூடாது என்று பெரிதாகப் பலகை தொங்கியது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

விடுமுறையின் முதல் வியாழக்கிழமை அது தொடங்கியது. கூட்டைத் தூக்கியதும் அப்பா முதல் மீனை அள்ளினார். நான் பென்சிலோடு தயாராக நின்றேன். அவர் அதைப் பலகைக்குக் கொண்டுவரவில்லை. அளக்கவில்லை, செதில் எடுக்கவில்லை, துளை போடவில்லை. நேரே அணையின் மேல் பக்கம் போய்க் குனிந்து தண்ணீருக்குள் இறக்கி, கையை எடுத்து, சிலுவை அடையாளம் போட்டார். வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இது அந்தோனியாருக்கு, எழுதாதை என்றார்.

எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் வலையில் வருகிற முதல் மீனை அந்தோனியாருக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் அப்பாவின் வீட்டார் மற்றதை எண்ணுவார்களாம். ஒதுக்கிய மீன் யாருடைய கணக்கிலும் வராது. அந்தக் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அப்பா எதற்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார் என்று கேட்கவும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் நேர்த்தி வைக்கிற அளவுக்கு விசாவை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். விசா வருவதற்காக நாளுக்கு ஒரு மீன். அந்தோனியாருக்கு அது நியாயமான விலையாகவே பட்டிருக்கும்.

ஒரு நாள் கூட்டுக்குள் ஐந்து மீன் இருந்தது, நான்கு எழுதினேன். ஒரு நாள் இரண்டு, ஒன்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு மீன்தான் நின்றது. அப்பா அதையும் மேலே கொண்டுபோய் விட்டார். நான் பூச்சியம் என்று எழுதி, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த மாதிரி அடியில் அளவுகோல் வைத்துக் கோடும் போட்டேன். படிவத்தின் கீழே அப்பா கையெழுத்து வைத்தார். இப்படி ஒன்பது காலை.

அந்த நாட்களில் அப்பா மாலையில் தொலைபேசி அட்டைகளைச் சுரண்டிச் சுரண்டி ஊருக்கு எடுப்பார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, மன்னாரில் சண்டை தொடங்கியதும் மனைவி பிள்ளைகளோடு வன்னிக்குள் இடம்பெயர்ந்திருந்தார். ஆவணிக்குப் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. நான் சித்தப்பாவைக் கண்டதே இல்லை. நான் தொலைக்காட்சி பார்க்கிற நேரத்தில் அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொல்வார் என்பதைத் தவிர, அந்தத் தொலைபேசியால் எனக்கு வேறு பாதிப்பு இல்லை.

ஒன்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, மீன்தான். சந்தையில் மீன் விற்கிற மனுசன் தலைகளை வெட்டி எறிகிறதைக் கண்டு, அம்மா எப்போதோ அவரிடம் பேசி வைத்திருந்தார். வெள்ளிதோறும் சல்மன் தலைகளைப் பையில் போட்டு எடுத்து வைத்துவிடுவார். ஜெர்மன்காரர் தலை தின்னமாட்டார்கள். கண் இருக்கிற எதையும் தட்டில் வைத்தால் பயப்படுவார்கள். அன்று நான்கு தலை, புளி கரைத்துவிட்டுக் காய்ச்சிய குழம்பு. மணம் படிக்கட்டு வரை போயிருக்கும்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மீன் டொக்டர் நின்றார். பின்னால் சங்கத் தலைவர். டொக்டரின் கையில் ஒரு கோப்பு. இருவரும் சிரிக்கவில்லை. வேலிக்குள் போனதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இருப்பதற்கு எங்கள் வீட்டில் குசினி மேசை ஒன்றுதான். அவர்களை அங்கே இருத்தினோம். சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களுக்குத் தட்டு வைக்காமல் அம்மாவுக்குப் பேச்சே வராது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, வந்தவர்களில் மூத்தவர் என்பதால் பெரிய தலையாகப் பார்த்துச் சங்கத் தலைவரின் தட்டில் வைத்துவிட்டார். தலை அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். மீசை மெல்ல மேலே ஏறியது.

"இதோ ஒன்று. மற்ற எட்டும் எங்கே?" என்றார்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் கடினமான ஜெர்மன் எல்லாம் என் வழியாகத்தான் போய் வரும். வைத்தியரிடம், வெளிநாட்டவர் அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் நான்தான் நடுவில் இருப்பேன். கொஞ்சம் கூட்டிக் குறைப்பதும் எனக்குக் கைவந்த வேலை. பிள்ளை வகுப்பில் வாய் ஓயாமல் கதைக்கிறாள் என்று ஆசிரியை சொன்னபோது, பிள்ளை நன்றாகக் கதைக்கிறாளாம் என்று அம்மாவிடம் சொன்னவள் நான். ஆனால் அன்று நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

டொக்டர் விளக்கினார். கூட்டின் வாசலில் பரிசோதனைக்காக ஒரு கமரா பொருத்தியிருந்தார்களாம். உள்ளே போகிற ஒவ்வொரு மீனையும் அது படம் பிடிக்கும். அன்று பிற்பகல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்பது நாளில் உள்ளே போன சல்மனுக்கும் படிவத்தில் எழுதிய சல்மனுக்கும் வித்தியாசம் ஒன்பது. நாளுக்கு ஒன்று, ஒழுங்காக, தவறாமல். கூட்டின் சாவி அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. தலைவர் நடுவில் புகுந்து களவு என்ற சொல்லைச் சொன்னார். நான் அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தமிழில் சொன்னேன். அப்பாவின் முகம் சாம்பல் நிறமானது. விட்ட சொல் அவருக்கும் தெரிந்த சொல்தான்.

அம்மா அகப்பையைப் பிடித்தபடி அடுப்போடு ஒட்டி நின்றார். டொக்டர் எழுந்து, தலைவரின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியால் அந்த மீன் தலையைப் புரட்டினார். விரலால் செவிளைத் தூக்கிப் பார்த்தார். குழம்பு அவர் சட்டைக் கையில் பட்டது. இது பண்ணையில் வளர்த்த மீன், செவிள் மூடி குட்டையாக இருக்கிறது, ஆற்றில் ஏறி வருகிற மீனுக்கு இப்படி இருக்காது என்றார். சட்டியில் கிடந்த மற்ற மூன்றையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் டொக்டர் கோப்பை மூடவில்லை.

அவர் ஒன்பது படிவங்களையும் மேசையில் பரப்பினார். வட்ட வட்டமான எழுத்து, அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று மட்டும் கேட்டார். நான் அழத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்பு என்று சொல்லி, நான்தான் எழுதினேன் என்றும், அப்பாவுக்கு எழுத வராது என்றும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விசா போய்விட்டது என்று நினைத்தேன். பெட்டி அடுக்க வேண்டும், என் சைக்கிளைக் கொண்டுபோக விடுவார்களா என்றெல்லாம் மனம் ஓடியது.

அப்பா என் தோளில் கை வைத்தார்.

"அழாதை, பிள்ளை. முதல் மீன் அந்தோனியாருக்கு நான் விட்டது எண்டு சொல்லு. மறைக்க ஒண்டுமில்லை."

நேர்த்தி என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. முதல் மீனை அப்பா ஒவ்வொரு நாளும் புனித அந்தோனியாருக்குக் கொடுக்கிறார் என்றேன். தலைவர், அந்தோனியார் அதை வறுத்துச் சாப்பிட்டாரா, அவித்துச் சாப்பிட்டாரா என்று கேட்டார். அவரும் கத்தோலிக்கர்தான், எங்கள் கோயிலில் முன் வரிசையில் இருக்கிறவர். சாப்பிடவில்லை, மேலே ஆற்றில் விட்டார், அளக்காமல் விட்டார், அதனால் நான் எழுதவில்லை என்று ஏங்கி ஏங்கிச் சொன்னேன்.

அதற்கு என்ன சாட்சி என்று தலைவர் கேட்டார். எங்களிடம் சாட்சி இல்லை. அணைக்கு மேலே கமரா இல்லை, அந்தோனியாரையும் கூட்டிவர முடியாது. பிறகு டொக்டர் கோப்பின் பின்புறத்திலிருந்து இரண்டு படங்களை உருவினார். மேல் ஆற்றில் முட்டையிடுகிற இடங்களைச் சுற்றிப் பார்க்கிற தொண்டர்கள் எடுத்தவை. அவற்றில் இருந்த மீன்களின் செட்டையில் துளை இல்லை. துளை போடாத மீன் அணையைத் தாண்டியிருக்க முடியாது, உங்களுக்குக் கண் பழுது என்று அவர்களோடு சண்டை பிடித்தாராம். அதைச் சொல்லிவிட்டு, இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆக, களவு இல்லை என்றாயிற்று. தலைவர் விரலால் மேசையில் ஏதோ கூட்டினார். கமராவில் பதிவான அந்த ஒன்பதையும் கணக்கில் சேர்ப்பீர்களா என்று டொக்டரிடம் கேட்டார். சேர்க்கலாம் என்று அவர் சொன்னதும் மீசை இறங்கி, முகம் மனித முகமாயிற்று. கரண்டியை எடுத்துக் குழம்பை மட்டும் தொட்டு நக்கிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார்.

ஆனால் டொக்டர் எளிதில் விடவில்லை. என்னைப் பார்த்து, தான் சொல்வதை ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்றார். விடுமுறை முடியும் வரை நான் வந்து எழுதலாம், பிறகு தானே அப்பாவுக்குப் படிவம் எழுதப் பழக்குவார். நாளை முதல் தலைவரும் வந்து நின்று பார்ப்பார். முதல் மீனும் பலகைக்கு வர வேண்டும். ஒரு மீன் விடுபட்டாலும் மேலிடத்துக்கு எழுதுவதைத் தவிர டொக்டருக்கு வேறு வழியில்லை, ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. இதற்கு அப்பா சம்மதிக்கிறாரா?

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா நீண்ட நேரம் படிவங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, கெஞ்சுகிற குரலில் பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னும் நாலு நாள் கிடக்கு. செவ்வாயோடை பதின்மூண்டு முடிஞ்சிடும். அந்த நாலு நாள் மட்டும் விடச் சொல்லிக் கேள், பிள்ளை. முதல் மீனை எண்ணட்டும், எழுதட்டும். பிடிச்சு வைக்காமல், துளை போடாமல் விடத்தான் கேக்கிறன். வடிவாய்க் கேள்."

நான் டொக்டரைப் பார்த்தேன். அவர் பொறுமையோடு காத்திருந்தார். தலைவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் எல்லாம் ஒரு வழியாக நல்லபடி முடிகிறது, இதைக் கேட்டால் மீசை மறுபடி ஏறும், கோப்பு மறுபடி திறக்கும் என்று எனக்குப் பட்டது. விசாவுக்குத்தானே நேர்த்தி? நேர்த்தியை முடிக்கப் போய் விசாவைக் கெடுப்பதில் என்ன புத்தி இருக்கிறது? அப்பாவை விட எனக்கு ஜெர்மன்காரரைத் தெரியும் என்று நினைத்தேன். பத்து வயதில் அந்த நினைப்பு நிறைய இருந்தது.

அப்பா சம்மதம் என்கிறார் என்று ஜெர்மனில் சொன்னேன்.

டொக்டர் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"என்னவாம்?"

"ஏலாதாம், அப்பா."

அவர் கையை விட்டார். பேனையை வாங்கி, டொக்டர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

அந்த நேர்த்தி விசாவுக்கு அல்ல என்பது எனக்குத் தெரியவந்தபோது பதின்மூன்று வயது. விசா வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரில் சண்டை முடிந்து, முகாம்களில் எண்ணிப் பதிந்த பெயர்களையெல்லாம் தெரிந்தவர்களைக் கொண்டு தேடியாயிற்று. சித்தப்பாவின் பெயரோ, சித்தியின் பெயரோ, பிள்ளைகளின் பெயரோ எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலால் வந்து, நான் அறைக்குள் படித்துக்கொண்டிருப்பது தெரியாமல் அப்பா குசினியில் அம்மாவிடம் பேசினார். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். தம்பி குடும்பத்தை ஒருவரும் மறிக்காமல், பிடித்து வைக்காமல் வெளியே வரவிட வேண்டும் என்று கேட்டுப் பதின்மூன்று காலை நேர்ந்திருந்தாராம். காலைக்கு ஓர் உயிரைத் தானும் மறிக்காமல் விடுவதாகச் சொல்லியிருந்தாராம். நாலு நாள் குறைந்து போயிற்று, அதுதான் இப்படி என்றார். அம்மா அவரைச் சமாதானப்படுத்தினார். நீங்கள் கேட்டுப் பார்த்தீர்கள்தானே, அவர்கள் விடவில்லை என்றால் என்ன செய்கிறது என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நாலு மீனால் யாரும் பிழைத்திருக்கப் போவதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அது தெரியாது, அன்று நான் கேட்கவே இல்லை என்பதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் கையெழுத்து வைத்த மறுநாள், சனிக்கிழமை காலையில் இவை ஒன்றும் எனக்குத் தெரியாது. பனிமூட்டம். தலைவர் பிளாஸ்க்கில் கோப்பி கொண்டுவந்து வேலியோரம் நின்றார். நான் படிவத்தைப் பலகையில் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக அனுமதியோடு வேலிக்குள் நின்றேன். கூடு மேலே வந்தது. மூன்று மீன்.

முதலில் வந்தது பெரிய பெண் மீன், வயிறு நிறைய முட்டை. அப்பா அதை அத்தாங்கால் தொட்டியில் விட்டு, இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அணையின் மேல் பக்கம் நாலு எட்டுத்தான் இருக்கும். அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தலைவர் கோப்பி குடிப்பதை நிறுத்தினார். கொண்டுபோய் விட்டுவிடுவாரோ, எல்லாம் கெட்டுவிடுமோ என்று பயந்து, அப்பா, பலகை என்று மெல்லச் சொன்னேன். அவர் மீனைத் தூக்கிப் பலகையில் கிடத்தினார். அது முதல் தடவையாக அவர் கைக்குள் துள்ளியது. சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது. எண்பத்தொன்று என்றார். நான் எழுதினேன். செதில் எடுத்தார், துளை போட்டார், மேலே கொண்டுபோய் விட்டார். சிலுவை அடையாளம் போடவில்லை. கணக்கு மூன்று, படிவத்தில் மூன்று. தலைவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வருகிற வழியில் அப்பா வெதுப்பகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், நான் கேட்காமலே சூடான சொக்லேட் பாலும் சீனி தூவிய பணிசும் வாங்கித் தந்தார். தனக்கு ஒன்றும் வாங்கவில்லை. நனைந்த கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு நான் குடிக்கிறதைப் பார்த்தார்.

"அவையள் விடேல்லை எண்டாலும் பரவாயில்லை. நீ எனக்காக வாய் திறந்து கேட்டாய்தானே. அதுவே எனக்குக் காணும், பிள்ளை" என்றார்.

நான் தலையாட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.